முதல் எல்லை கிடங்கின் வாயிலே!

வெள்ளம் வந்து ஊரை அழித்த பின்னர், வெள்ளத்தினும் கொடிய ஒன்று அவ்வூர்க்குள் நுழைவதுண்டு. அதற்குக் காலும் உண்டு, கையும் உண்டு, கையில் அரசு முத்திரையும் உண்டு. அழிந்தவர்க்கென ஞாலத்தார் ஈந்த அரிசியையும் கம்பளியையும் அது வழியிலேயே விழுங்கிவிடும். விழுங்கியபின் வாயைத் துடைத்துக்கொண்டு எல்லைப்புறத்தைச் சுட்டிக் காட்டும். ‘அதோ, கடத்தற்காரன் ஓடுகிறான்; பிடியுங்கள்!’ என்று கூவும். கூவுகின்றவனே கொள்ளையன் என்பதை மக்கள் உணரா வண்ணம் அக்கூவல் ஓங்கி ஒலிக்கும்.

இதற்குச் சான்று வேண்டுவோர் கிழக்கு வங்கத்தின் வரலாற்றைப் புரட்டுக. இன்று வங்காளதேசம் எனப்பெறும் அந்நாட்டை ஈண்டு வங்கநாடு என்றே குறிப்போம்.

அந்நாட்டைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. தமிழ் நெஞ்சங்கள் மதிக்கத்தக்க நாடு அது. 1952 பிப்பிரவரி 21-ஆம் நாள் தாக்கா நகரில் இளைஞர் தம் தாய்மொழிக்காகக் குருதி சிந்தினர். அந்நாளையே உலகத் தாய்மொழி நாளாக யுனெசுகோ 1999-இல் அறிவித்தது. மொழியுணர்வே அடிக்கல்லாக எழுந்த நாடு அது. எனவேதான் அந்நாட்டு ஏழைகட்கு நேர்ந்த இரண்டகம் நம் நெஞ்சைச் சுடுகின்றது. மொழியை மீட்டவர் தம் மக்களின் சோற்றைக் காக்கத் தவறியது எங்ஙனம் என்று கேட்கும் கடமை, மொழியுரிமை பேசும் நம்போல்வார்க்கே முதற்கண் உரியது.

புயல் தந்த ஆட்சி

1970 நவம்பர் 12-ஆம் நாள் இரவு, வங்கக் கடலில் எழுந்த பெரும்புயல் போலாத் தீவையும் கழிமுகத்துத் தாழ்நிலங்களையும் வாரிக்கொண்டு போயிற்று. இறந்தோர் மூன்று இலக்கத்துக்குக் குறையார். ஐந்து இலக்கம் என்பாரும் உளர். அன்று அந்நிலம் பாக்கித்தானின் கிழக்குப் பகுதி. ஆயிரங் கல் தொலைவில் மேற்கே இருந்த ஆட்சியாளர் துயர்துடைப்பில் காட்டிய பாராமுகம் வங்க மக்களின் உள்ளத்தைக் கொதிக்கச் செய்தது. அதனையடுத்து நடந்த தேர்தலில், கிழக்குப் பகுதியின் 162 பொதுத் தொகுதிகளுள் 160-ஐச் சேக்கு முசிபுர் இரகுமானின் அவாமிலீக் கட்சி கைப்பற்றியது. அவ்வெற்றிக்கு ஏதுக்கள் பல. எனினும், பிணங்கள் மிதந்த கழிமுகத்தில் துயர்துடைப்பு வந்து சேராமை அவற்றுள் ஒன்றென்பதை மறுப்பாரிலர்.

துயர்துடைப்புச் சீர்கேட்டைக் கண்டு வெகுண்ட மக்களின் துணையால் எழுந்த ஆட்சி, துயர்துடைப்பில் எத்துணை விழிப்பாக இருந்திருத்தல் வேண்டும்! நடந்ததோ வேறு.

1971-ஆம் ஆண்டுப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஏதிலிகளாக இந்திய எல்லைக்குள் புகுந்தனர். போர் முடிந்து அவர்கள் மீண்டபோது வீடில்லை, மாடில்லை, விதை நெல் இல்லை. ஒன்றிய நாடுகள் மன்றம் தாக்காவில் பெரியதொரு துயர்துடைப்புப் பணியைத் தொடங்கியது. பல நாடுகளினின்றும் உணவுத் தவசமும் துணியும் கம்பளியும் கூரைத் தகடும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அவற்றைப் பகிர்ந்தளிக்க ஊர்தோறும் துயர்துடைப்புக் குழுக்கள் அமைந்தன. அக்குழுக்களில் அமர்ந்தோர் யாவர்? பெரும்பாலும் ஆளுங்கட்சியாரும் அவர் சுட்டியவருமே. செஞ்சிலுவை அமைப்பின் தலைமையும் ஆளுங்கட்சித் தலைவர் ஒருவரிடமே இருந்தது. வந்த கம்பளிகளில் தம் பங்குக் கம்பளி எங்கே என்று நாட்டின் தலைவரே கேட்டதாக ஒரு செய்தி அந்நாட்டு மக்களிடையே வழங்குவதுண்டு. அது நடந்ததோ, புனைந்ததோ, அதனை மக்கள் நம்பினர் என்பதே போதும். தலைவரே தம் பங்கைப் பெறாத நாட்டில் உழவன் தன் பங்கை எங்குப் போய்த் தேடுவான்?

தவசம் இருந்தது, சோறு இல்லை

1974-ஆம் ஆண்டின் நடுவில் பிரமபுத்திரை ஆறு கரை மீறிற்று. வெள்ளம் பயிரை அழித்தது. அதனினும் மேலாக, நிலமற்ற கூலிகளின் வேலையை அழித்தது. கூலி நின்றது, அரிசி விலையோ சில திங்களுக்குள் பல இடங்களில் இருமடங்காயிற்று. இரங்கப்பூர், மைமன்சிங், சிலெட்டு மாவட்டங்களில் மக்கள் தெருக்களில் வீழ்ந்து மடிந்தனர். செபுதம்பர் இறுதியில் அரசு வற்கடத்தை ஒப்புக்கொண்டு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. ஏறத்தாழ ஆறாயிரம் கஞ்சித்தொட்டிகளின்முன் ஒரு கட்டத்தில் 43 இலக்கம் பேர் ஏனம் ஏந்தி நின்றனர். அது நாட்டு மக்கள் தொகையில் நூற்றுக்கு ஆறு பேர்க்கு மேல்! மாண்டோர் ஏறத்தாழ 26,000 பேர் என்றது அரசு. ஆய்வாளர் மதிப்பீடுகள் பன்மடங்கு மேற்சென்று, பின்தொடர்ந்த நோய்ச் சாவுகளையும் கூட்டிப் 15 இலக்கம் வரை எட்டுகின்றன.

வெள்ளத்தால் தவசம் அற்றுப்போயிற்று. ஆதலால் மக்கள் மாண்டனர் என்று எளிதாக முடிவு கட்டுவோர், பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலைப் பார்ப்பாராக. 1971 முதல் 1975 வரையிலான ஐந்தாண்டுகளுள் ஆள் ஒன்றுக்குக் கிடைத்த உணவுத் தவசம் மிகுந்திருந்த ஆண்டு 1974-ஆம் ஆண்டே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். இருந்தும் மாண்டனர். எனின், கேட்கவேண்டிய வினா ‘எவ்வளவு விளைந்தது’ என்பதன்று. ‘எவர் கைக்குப் போயிற்று’ என்பதே.

அரசின் பங்கீட்டுத் தவசம் எவர்க்குப் போயிற்று? தாக்கா, நாராயண்கஞ்சு, சிட்டகாங்கு, குல்னா முதலிய நகரத்தார்க்கும், படையினர்க்கும், காவலர்க்கும், அரசு அலுவலர்க்கும், பெருந்தொழிலகத்தார்க்கும் முதற்பங்கு. எஞ்சியதே நாட்டுப்புறத்து ஏழைக்கு. வெளிநாட்டார் ‘பசித்தவர்க்கு’ என ஈந்த தவசமும் இந்த ஒழுங்கிலேயே கலந்தது. இது சட்டத்துக்கு மாறான களவன்று. சட்டமே வகுத்த களவு! ஓசையெழுப்பக் கூடியவன் வாயை முதலில் அடைத்துவிட்டு, ஓசையின்றிச் சாகக் கூடியவனைச் சாகவிட்ட ஏற்பாடு. இதன்மேல்தான் பொய்யட்டைகளும், கட்சிக்காரர் கையிலிருந்த விற்பனை உரிமங்களும், கள்ளச் சந்தையும் அட்டையாக ஒட்டிக்கொண்டு உறிஞ்சின. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

கடப்பவனும் கடத்துபவனும்

இனி எல்லைக்கு வருவோம். இந்தியாவுக்கும் வங்கநாட்டுக்கும் இடைப்பட்ட எல்லை 4,096 கிலோமீட்டர். ஆறும் வயலும் சதுப்பும் காடும் அதன் வழி. ஒரே மொழி பேசும் ஒரே மக்களின் நடுவே 1947-இல் கிழித்த கோடு அது. 1972-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம், எல்லையின் இருமருங்கும் 16 கிலோமீட்டர் அளவில் வாழ்வோர் அன்றாடப் பொருள்களை மாற்றிக்கொள்ள இசைவளித்தது. அது கடத்தலுக்கு வாயிலாயிற்று என்று கூறி, ஓராண்டு முடியுமுன்னரே கைவிட்டனர்.

ஆயினும் கடத்தல் நின்றதா? நில்லாது. ஏனெனில் அதன் வேர் வேறிடத்தில் இருந்தது. ஏட்டளவில் வங்கநாட்டுப் பணமும் இந்திய உருபாவும் ஒரே மதிப்புடையன. சந்தையிலோ வங்கநாட்டுப் பணம் அதில் பாதியளவுக்குக்கூடத் திணறியது. அரிசியையும் சணலையும் அப்பாற் கொண்டுபோய் உருபாவாக்கி, அங்குக் கிடைக்கும் பொருளை இப்பால் கொணர்ந்து விற்பவனுக்குப் போக்கிலும் ஊதியம், வரவிலும் ஊதியம். 1975 மே திங்களில் தன் பணத்தின் மதிப்பைப் பேரளவில் குறைத்தபோதுதான் அரசு இவ்வேரில் கைவைத்தது. அதற்குள் பிணங்கள் மண்ணாகிவிட்டன.

கடத்திய தவசம் எத்துணை டன் என்பதில் பொருளியலார் ஒருமித்த கருத்துடையர் அல்லர்; கள்ளக் கணக்குக்கு ஏடு ஏது? ஆனால் ஒன்று திண்ணம். எல்லையைக் கடந்த ஒவ்வொரு பொதுமூட்டையும், அதற்கு முன்னரே வேறோர் எல்லையைக் கடந்தாக வேண்டும். அரசுக் கிடங்கில் இருந்த மூட்டை தானே நடந்து ஆற்றங்கரைக்குப் போகாது. எவனோ கையெழுத்திட்டான், எவனோ கதவைத் திறந்தான், எவனோ வண்டி தந்தான். பொதுவுடைமையினின்று தனியுடைமைக்கு அம்மூட்டை தாவிய இடமே முதல் எல்லை. அந்த எல்லை ஆற்றங்கரையில் இல்லை. கிடங்கின் வாயிலில் இருக்கிறது.

நம் தாய்மொழி இதனைத் தெளிவாகவே பிரித்துக் காட்டுகின்றது. ‘கட’ என்பது வேர். கடந்து செல்பவன் கடப்பவன், அது தன்வினை. பிறிதொன்றைக் கடக்கச் செய்பவன் கடத்துபவன், அது பிறவினை. இரவில், இடுப்பளவு நீரில், தலைமேல் மூட்டையோடு நடக்கும் கூலி கடப்பவன். அவனுக்கு அன்றைய கஞ்சிதான் ஊதியம். விளக்கடியில் அமர்ந்து, பட்டியலில் பொய்ப்பெயர் எழுதி, முத்திரை குத்தி, மூட்டையைப் புறப்படச் செய்பவனே கடத்துபவன். உலகத்து அரசுகள் எல்லாம் கடப்பவனைச் சுடுகின்றன, கடத்துபவனுக்கு மாலையிடுகின்றன!

மிகையுரை என்பீரோ? 2010-ஆம் ஆண்டில் மாந்தவுரிமைக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று வெளியிட்ட அறிக்கை, அதற்கு முந்திய பத்தாண்டில் இந்திய எல்லைக் காவற்படையால் 900-க்கு மேற்பட்ட வங்கநாட்டார் கொல்லப்பட்டனர் எனக் கூறிற்று. அவருட் பலர் மாடு கடத்தவோ பிற பொருள் கடத்தவோ எல்லை தாண்டிய ஏழைகள். அப்பட்டியலில் கிடங்கு அலுவலர் எத்துணைப் பேர்? உரிம வணிகர் எத்துணைப் பேர்? கட்சித் தலைவர் எத்துணைப் பேர்? துமுக்கிக் குண்டுக்கும் ஏழை எவன், பெரியவன் எவன் என்று தெரியும் போலும்!

சட்டம் எவர்மேல் பாய்ந்தது?

வங்கநாட்டு அரசு வாளாவிருந்ததா? இல்லை. 1974 பிப்பிரவரியில் தனி ஆற்றல்கள் சட்டம் என ஒன்றை இயற்றியது. பதுக்கல், கள்ளச் சந்தை, கடத்தல் ஆகியவற்றுக்குக் கடும் ஒறுப்பு. தூக்கு வரையிலும்கூட அச்சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதே சட்டத்தில், உசாவலின்றி எவரையும் சிறையிலடைக்கும் பிரிவும் இருந்தது. பின்வந்த ஆட்சிகள் பத்துப் பத்து ஆண்டுகளாக விரும்பிப் பயன்படுத்தியது அந்தப் பிரிவைத்தான். கடத்தற்காரனைக் காட்டி வாங்கிய வாள், மாற்றுக் கட்சியானின் கழுத்தில் பாய்ந்தது.

அவ்வாண்டிலேயே படைத்துறையினரைப் பதுக்கல், கடத்தல் ஒழிப்புக்கு ஏவினர். வேட்டையில் ஆளுங்கட்சியாரும் அகப்பட்டனர். அகப்பட்டவர் மேலிடத் தலையீட்டால் விடுபட்டனர் என்னும் மனக்குறை படையினரிடையே புகைந்தது. 1974 திசம்பர் 28-இல் நெருக்கடி நிலை. 1975 சனவரியில் ஒரே கட்சி ஆட்சிக்கு வழிவகுத்த நான்காம் சட்டத்திருத்தம். முசிபுரோ தம் உரைகளில் கையூட்டு வாங்குவோரையும் பதுக்குவோரையும் கடத்துவோரையும் கடுமையாகச் சாடிக்கொண்டே இருந்தார். சாடுதற்கு ஒலிபெருக்கி போதும். தண்டித்தற்குத் தன் கட்சியானின் கையைப் பிடிக்கும் துணிவு வேண்டும். அத்துணிவு பிறக்கவில்லை. 1975 ஆகத்து 15-இல் அவரைக் குடும்பத்தோடு படையினர் சிலர் கொன்றனர். அக்கொலை கொடிது, எவ்வகையானும் ஏற்கத்தக்கதன்று. கொன்றவரும் ஏழையின் கஞ்சியில் ஒரு பருக்கையைக் கூட்டிவிடவில்லை.

அயலாரைச் சுட்டுவோர்க்கு

‘எல்லாம் இந்தியா கொண்டுபோயிற்று’ என்பது அந்நாட்டில் அன்றெழுந்த கூக்குரல். வாங்குபவன் குற்றமற்றவன் என்று நாம் கூறோம். களவுப் பொருளென்று தெரிந்து வாங்கிய இந்திய வணிகனும், கண்மூடிக் கையூட்டுப் பெற்ற இந்தியக் காவலனும் அப்பாவத்தின் பங்காளிகளே. ஆனால் அக்கூக்குரல் உள்நாட்டுக் கள்வனுக்குப் போர்வையானது என்பதே நம் குற்றச்சாட்டு.

‘எல்லாம் அமெரிக்காவின் சூழ்ச்சி’ என்பது மற்றொரு குரல். இதில் உண்மை பெரிதும் உண்டு. வங்கநாடு 40 இலக்கம் சணற் கோணிப்பைகளைக் கியூபாவுக்கு விற்றது என்பதற்காக, தன் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா உணவுக் கடனை நிறுத்தி வைத்தது. கோணிப்பை விற்ற குற்றத்துக்குக் குழந்தைகளின் வயிறு ஒறுக்கப்பட்டது! வங்கநாடு பணிந்து அவ்வணிகத்தை நிறுத்தியபின் தவசம் புறப்பட்டது. அது கரை சேர்ந்தபோது வற்கடத்தின் கொடிய கட்டம் கடந்துவிட்டது. வல்லரசின் இவ்வன்னெஞ்சம் என்றும் மன்னிக்கத்தக்கதன்று. ஆயினும், வராத தவசத்துக்கு அமெரிக்கா விடை கூறட்டும். வந்த தவசத்துக்கு எவர் விடை கூறுவது?

எல்லை பகையன்று

‘எல்லையை இறுக்கி மூடினால் எல்லாம் சரியாகும்’ என்போர்க்கு அதே நாட்டின் பிற்கால வரலாறே மறுப்பு. 1998-இல் நாட்டின் மூன்றில் இருபங்கு நிலம் வெள்ளத்தில் மூழ்கிற்று. வாரக்கணக்கில் நீர் வடியவில்லை. 1974-இனும் பெரிய வெள்ளம் அது. ஆனால் 1974 போன்ற வற்கடம் வரவில்லை. ஏன்? ஏறத்தாழ 40 இலக்கம் ஏழைக் குடும்பங்கட்கு அட்டை வழியே தவசம் அளந்தனர். மேலும், 1990-களில் அரிசி இறக்குமதியைத் தனி வணிகர்க்குத் திறந்துவிட்டிருந்தமையால், 20 இலக்கம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, பகல் வெளிச்சத்தில் வந்து சேர்ந்தது. 1974-இல் எந்த எல்லையைப் பேயாகக் காட்டினரோ, அந்த எல்லையே 1998-இல் சோறிட்டது! எல்லை மாறவில்லை, ஆறும் மாறவில்லை. ஒளிவு நீங்கி ஒழுங்கு வந்தது, அவ்வளவே.

அங்ஙனமாயின் களவு ஒழிந்ததோ? அதுவும் இல்லை. 2020-இல் கொள்ளைநோயால் நாடே முடங்கியபோது, ஏழைகட்கு ஒதுக்கிய அரிசியைத் திருடிய குற்றச்சாட்டில் ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களுமாகப் பல பதின்மரை வங்கநாட்டு அரசு பணியிடை நீக்கம் செய்தது. அவ்வரிசி எந்த நாட்டெல்லையையும் தாண்டவில்லை. ஊர்த்தலைவன் வீட்டு வாயிலை மட்டுமே தாண்டியது. முதல் எல்லை எது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

செய்யத் தக்கன

நோய் எதுவெனத் தெரிந்தபின் மருந்தும் தெரியும்.

முதலாவது, துயர்துடைப்புப் பொருள் ஊருக்குள் வருமுன்னர், வந்தது எவ்வளவு, பெறுவோர் யாவர் என்னும் பட்டியலை ஊர்மன்றில், அவ்வூர் மக்களின் தாய்மொழியில், உரக்கப் படித்தல் வேண்டும். சுவரிலும் எழுதுதல் வேண்டும். தாய்மொழி பாட்டுக்கும் விழாவுக்கும் மட்டுமன்று. கணக்குக் கேட்பதற்கும் அதுவே கருவி. உழவனுக்கு விளங்காத மொழியிலும், விளங்காத அலுவலக நடையிலும் எழுதப்படும் ஒவ்வொரு கணக்கும் கள்வனுக்குத் திறந்த கதவு. மொழிக்காக உயிர் கொடுத்த நாட்டிலும் இம்மொழியுரிமை கிடங்குவாயில் வரை செல்லவில்லை என்பதே அவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.

இரண்டாவது, பகிர்ந்தளிக்கும் குழு ஆளுங்கட்சியின் கிளையாக இருத்தலாகாது. பெறுபவருள் பாதிப்பேரேனும் அதில் அமர்தல் வேண்டும். பெண்டிர் கட்டாயம் அமர்தல் வேண்டும். அடுப்பில் உலை ஏறியதா என்பதை அறிந்தவர் அவரே.

மூன்றாவது, மூட்டையோடு பிடிபட்டவனுக்கு என்ன ஒறுப்போ, அம்மூட்டை வெளியேறக் கையெழுத்திட்டவனுக்கு அதனினும் இருமடங்கு ஒறுப்பு வேண்டும். கடப்பவனை விட்டுவிடச் சொல்லவில்லை. கடத்துபவனை விடாதீர் என்கிறோம்.

நான்காவது, அழிவுக் காலத்தில் அண்டை நாடுகள் எல்லையைத் துமுக்கியால் மூடாமல், தவசம் ஒளிவின்றி வருதற்கு வாயில் திறத்தல் வேண்டும். பகலில் திறந்த வாயில் இரவில் நூறு கள்ளவழிகளை அடைக்கும்.

தமிழ்ப் பெருமக்களே! எங்கோ வெள்ளம் என்றால் நெஞ்சிளகிக் கைப்பொருள் ஈயும் மக்கள் நாம். ஈவதோடு கடமை முடிந்ததென்று கருதுதல் தவறு. ஈந்த ஒரு படி அரிசி எவர் உலையில் கொதித்தது என்று கேட்பதும் ஈகையின் பகுதியே. கேளா ஈகை கள்வனுக்கு இட்ட விருந்தாகும். எல்லையைக் காட்டி எவரேனும் கூவும்போது அவர் காட்டும் விரலைப் பார்க்க வேண்டா. அவர் இடுப்பில் தொங்கும் கிடங்குச் சாவியைப் பாருங்கள்!